மிஸ், அதை நான் எப்படிச் சொல்வது?

எட்டாம் வகுப்புக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண்ணின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன. பக்கத்தில் இருப்பவளுக்கு விடை சொல்கிறாளோ என்று, எந்த ஆசிரியருக்கும் வரும் சந்தேகத்தோடு பின்பக்கமாகப் போய் நின்றேன். 'செய்ஸ் போர் சியெத்தே, குவரெந்தா இ தோஸ்' என்று முணுமுணுத்துவிட்டு 42 என்று எழுதினாள். ஆறேழு நாற்பத்திரண்டு. அவ்வளவுதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினைந்து வருடமாக ஆங்கிலத்தில் கணிதம் நடத்துகிறவள் நான். ஆனாலும் கடையில் சில்லறை எண்ணினாலும் சரி, கரும்பலகையில் பெருக்கினாலும் சரி, வாய்க்குள் ஓடுவது நாகர்கோவிலில் ஆரம்பப் பள்ளியில் ராகம் போட்டுப் படித்த தமிழ் வாய்ப்பாடுதான். அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். முகம் சிவந்தது. 'சாரி மிஸ்' என்றாள்.

எதற்கு சாரி? சத்தம் போட்டதற்கா, ஸ்பானிஷில் பெருக்கியதற்கா? தேர்வு முடிந்ததும் கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். அந்த சாரிக்குப் பொருள் புரிய எனக்கு ஒரு கல்வியாண்டு ஆயிற்று.

ஆசிரியர் பரிமாற்ற விசாவில் டெக்ஸாஸ் மாநிலத்தின் சான் ஆன்டோனியோவுக்கு வந்தேன். ஏறக்குறைய 15 லட்சம் பேர் வாழும் நகரம். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவர்கள் ஹிஸ்பானிக் மக்கள், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியினர். நான் வேலை பார்ப்பது நகரின் மேற்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. இங்கே பிள்ளைகள் ஆசிரியையைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, வெறும் 'மிஸ்'தான். 'என் பெயர் இல்லாமல் அது என்ன மொட்டையாக மிஸ்?' என்று சக ஆசிரியைகள் சிலர் கோபித்துக்கொள்வார்கள். ஸ்பானிஷில் 'மாயெஸ்த்ரா' என்று ஆசிரியையை அழைக்கிற பழக்கத்தின் தொடர்ச்சி அது. அவர்களைப் பொறுத்தவரை மரியாதைச் சொல். எனக்கோ சொந்த ஊரில் காது குளிரக் கேட்ட அழைப்பு. முதல் நாளே ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆனால் முதல் நாளே ஒரு தப்பும் செய்தேன். வகுப்பில் 28 பேர். 25 பேருக்கு ஸ்பானிஷ் குடும்பப் பெயர். ஊரிலிருந்து புறப்படுமுன் கைப்பேசிச் செயலியில் மூன்று மாதம் ஸ்பானிஷ் படித்திருந்தேன். அந்தப் பெருமையில், முன்வரிசைப் பையன் ஒருவனிடம் 'உனக்கு என்ன விளையாட்டு பிடிக்கும்?' என்று ஸ்பானிஷில் கேட்டேன். அவன் திருதிருவென்று விழித்தான். பின்னாலிருந்து ஒரு குரல்: 'அவன் நோ சாபோ, மிஸ்!' வகுப்பே சிரித்தது. பையன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

'எனக்குத் தெரியாது' என்பதற்கு ஸ்பானிஷில் 'நோ சே' என்று சொல்ல வேண்டும். விதிக்கு அடங்காத வினைச்சொல். மொழி சரியாக வராத பிள்ளை வழக்கமான விதியைப் போட்டு 'நோ சாபோ' என்று சொல்லும். ஸ்பானிஷ் தெரியாத லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்கு அதுவே பட்டப்பெயராகிவிட்டது. அதற்கு முந்தைய தலைமுறையில் 'போச்சோ' என்ற சொல் இதே வேலையைச் செய்தது.

ஹிஸ்பானிக் என்ற ஒரே சொல்லுக்குள் என் வகுப்பில் குறைந்தது மூன்று கூட்டம் இருந்தது. கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்தே டெக்ஸாஸ்காரர்கள், ஸ்பானிஷ் அறவே வராதவர்கள். இங்கே பிறந்து, வீட்டில் ஸ்பானிஷும் வெளியில் ஆங்கிலமுமாக வளர்கிறவர்கள். போன வருடம்தான் ஹோண்டுராஸிலிருந்தோ வெனிசுவேலாவிலிருந்தோ வந்து இறங்கியவர்கள். மூன்று கூட்டத்துக்கும் மொழி பற்றி ஒவ்வொரு கூச்சம் உண்டு. ஒருவர் கூச்சம் இன்னொருவருக்குத் தெரியாது. புதிதாக வருகிற ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: குடும்பப் பெயரைப் பார்த்து மொழியைத் தீர்மானிக்காதீர்கள். ஆங்கிலத்தில் பேசத் தொடங்குங்கள்; பிள்ளை ஸ்பானிஷுக்கு மாறினால் நீங்களும் மாறுங்கள்.

அந்த முன்வரிசைப் பையனின் பாட்டியைப் பள்ளி மாலை நிகழ்ச்சி ஒன்றில் சந்தித்தேன். எழுபதைத் தாண்டியவர். கையில் இனிப்பு ரொட்டிப் பெட்டியோடு வந்திருந்தார். என் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு, நான் எந்த ஊர், என் தாய்மொழி எது, அதை எழுத வருமா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு அவர் கதை வந்தது.

1960களின் தொடக்கத்தில் இதே நகரத்தில் அவர் பள்ளியில் சேர்ந்தபோது ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது. பள்ளி வளாகத்தில் ஸ்பானிஷ் பேசினால் மரத்தட்டையால் அடி. பெயரையும் ஆங்கிலத்தில் மாற்றி எழுதிவிட்டார்கள். செருப்பைப் போல, பெயரை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போயிருக்கிறார். 'மூன்றாம் வகுப்பு வரைக்கும் நான் பேசவே இல்லை. ஊமை என்று நினைத்துவிட்டார்கள்' என்று சிரித்தபடியே சொன்னார். தனக்குப் பிள்ளைகள் பிறந்ததும் கணவரோடு சேர்ந்து ஒரு முடிவெடுத்தார். பிள்ளைகளோடு ஆங்கிலம் மட்டும். ஸ்பானிஷ் பெரியவர்கள் ரகசியம் பேசவும் சண்டை போடவும் மட்டும். 'என் பிள்ளைகள் யாரும் அடி வாங்கவில்லை. இப்போது பேரன் கேலி வாங்குகிறான். அவனுக்குத் தெரியாதது அவன் தப்பில்லை, அது நான் எடுத்த முடிவு.'

இது ஒரு பாட்டியின் தனிக்கதை இல்லை. ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பாடம் நடத்துவதை 1918-ல் டெக்ஸாஸ் சட்டம் போட்டுக் குற்றமாக்கியது. மாநிலத்தின் மேற்கு மூலையில் மார்ஃபா என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே மெக்ஸிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கென்று தனியாக நடந்த பிளாக்வெல் பள்ளியில் 1954-ல் ஒரு சவ அடக்கம் நடத்தினார்கள். பிள்ளைகளைத் துண்டுக் காகிதங்களில் ஸ்பானிஷ் சொற்களை எழுதச் சொல்லி, அவற்றைப் பெட்டியில் போட்டு, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். திருவாளர் ஸ்பானிஷ் இறந்துவிட்டாராம். 2007-ல் அந்தப் பள்ளியின் பழைய மாணவர்கள் கூடி, மண்ணுக்குள்ளிருந்து ஒரு ஸ்பானிஷ் அகராதியைத் தோண்டியெடுத்து அந்த அடக்கத்தை ரத்து செய்தார்கள். 2022-ல் அந்த இடத்தை தேசிய வரலாற்றுத் தலமாக்கச் சட்டம் வந்தது. விடுமுறையில் ஆறு மணி நேரம் காரில் போய்ப் பார்த்தேன். சுடாத மண்கல் சுவர், தாழ்ந்த கட்டடம், சுற்றிலும் வெயில். மனதில் ஓடியது வேறு.

நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த ஆங்கில வழிப் பள்ளியில், வகுப்பில் தமிழ் பேசினால் ஒரு சொல்லுக்கு ஐந்து ரூபாய் அபராதம். அந்தக் காசு விழுகிற பிளாஸ்டிக் டப்பா என் மேசையில்தான் இருந்தது. மாதக் கடைசியில் எண்ணி அலுவலகத்தில் ஒப்படைப்பேன், வாய்க்குள் தமிழ் வாய்ப்பாடு சொல்லித்தான். அந்த டப்பாவை யாரும் என் மேல் திணிக்கவில்லை. பிள்ளைகளின் நன்மைக்கு என்றுதான் நம்பினேன். பாட்டியை அடித்த ஆசிரியையும் அப்படித்தான் நம்பியிருப்பார்.

சான் ஆன்டோனியோவுக்குத் தெற்கே கொட்டுல்லா என்ற ஊரில் 1928-ல் இருபது வயது இளைஞர் ஒருவர் மெக்ஸிகோ வம்சாவளிப் பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். விளையாட்டுத் திடலில்கூட ஸ்பானிஷ் பேசக்கூடாது என்பதில் கண்டிப்பானவர். அந்த லிண்டன் ஜான்சன்தான் நாற்பது வருடம் கழித்து, நாட்டின் தலைவராக, 1968 ஜனவரியில் இருமொழிக் கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மனிதர்கள் மாறலாம் என்பதற்கு நான் பிடித்துக்கொண்டிருக்கிற சாட்சி அது.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2023-ல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. ஸ்பானிஷ் தெரியாத லத்தீனோக்களில் 54 விழுக்காட்டினர், சக லத்தீனோக்கள் தங்களை அதற்காகச் சங்கடப்படுத்தியதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே கணக்கெடுப்பில் 78 விழுக்காடு லத்தீனோக்கள், லத்தீனோ என்று கருதப்பட ஸ்பானிஷ் பேசியாக வேண்டும் என்பதில்லை என்றார்கள். கணக்கெடுப்பவரிடம் பெருந்தன்மை, உணவு மேசையில் கேலி. நம் வீடுகளில் மட்டும் வேறு மாதிரியா என்ன?

இனி மூன்றாவது வரிசைப் பெண்ணுக்கு வருகிறேன்.

2024 அக்டோபரில் ஹோண்டுராஸிலிருந்து ஒரு பையன் வகுப்பில் சேர்ந்தான். ஆங்கிலம் வணக்கம், நன்றியோடு முடிந்தது. இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடாக இருந்த இந்தப் பெண்ணின் பக்கத்தில் அவனை உட்காரவைத்தேன். நான் சொல்வதையெல்லாம் அவள் மெல்லிய குரலில் அவனுக்கு மாற்றிச் சொன்னாள். எனக்கு ஒரே நிம்மதி. 'நம் வகுப்பின் மொழிபெயர்ப்பாளர்' என்று எல்லார் முன்னாலும் பாராட்டினேன். அவளுக்குக் கிடைத்த கௌரவம் என்றே நினைத்தேன். அந்தப் பையனுக்கு என்ன தோன்றியது என்று கேட்கவே இல்லை. அதுவும் ஒரு தப்பு. தன் வயதுப் பெண்ணின் தயவில் பெருக்கல் கற்பது பதிமூன்று வயதுப் பையனுக்கு எப்படி இருக்கும்?

நவம்பரில் பெற்றோர் சந்திப்பு. அவள் அம்மா ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறவர். வேலை உடுப்போடு நேராக வந்திருந்தார். ஆங்கிலம் வராது. மொழிபெயர்ப்பாளருக்கு நான் முன்கூட்டி எழுதிக் கேட்கவில்லை. இந்தப் பெண்தான் இருக்கிறாளே என்று விட்டுவிட்டேன். அவளும் எங்கள் நடுவில் உட்கார்ந்தாள். வீட்டுப்பாடம் இரண்டு பாக்கி என்றேன், சொன்னாள். அடுத்த மாதத் தேர்வுத் தேதி சொன்னேன், சொன்னாள். பிறகு மனம் நிறைந்து, 'உங்கள் மகள் இந்த வகுப்பிலேயே கூர்மையானவள். நான் நடத்திய பிள்ளைகளில் இவ்வளவு தெளிவாக யோசிக்கிறவர்களைக் கைவிட்டு எண்ணலாம். இவளை உயர்நிலைப் பள்ளியில் முன்னேறியோர் கணித வகுப்பில் சேர்க்க வேண்டும்' என்று நீளமாகச் சொன்னேன். அவள் ஸ்பானிஷில் மூன்றே சொற்கள் சொன்னாள். அம்மா தலையாட்டிவிட்டு எனக்கு நன்றி சொல்லி எழுந்துவிட்டார்.

என் அரைகுறை ஸ்பானிஷுக்கே அந்த மூன்று சொற்கள் புரிந்தன: 'எல்லாம் சரியாக இருக்கிறதாம்.'

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, 'நேற்று நான் சொன்னதை ஏன் முழுதாகச் சொல்லவில்லை?' என்று கேட்டேன். ஏதோ கிறுக்குக் கேள்வி கேட்டதுபோல என்னைப் பார்த்தாள். 'மிஸ், அதை நான் எப்படிச் சொல்வது? என் வாயால் என்னைப் பற்றி?'

குறையை மட்டும் ஒழுங்காக எடுத்துச் சொல்லியிருந்தாள். புகழ்ச்சியை விழுங்கிவிட்டாள். வளர்ப்பு அப்படி. பிள்ளைகள் மொழிபெயர்த்தால் தங்கள் குறையை மறைப்பார்கள் என்று எல்லோரும் வேடிக்கையாகச் சொல்வார்கள். நல்ல பிள்ளை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மதிப்பெண் பதிவேட்டைப் புரட்டினேன். செப்டம்பரில் தொண்ணூறுக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தவள் டிசம்பரில் எழுபதுகளில் இருந்தாள். அவனுக்குச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அவள் கணக்கு பாதியில் நிற்கும்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின நாள் எல்லோருக்கும் ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தேன். 'எப்போது ஸ்பானிஷ், எப்போது ஆங்கிலம், அப்போது எப்படி இருக்கிறது? பெயர் வேண்டாம். எந்த மொழியிலும் எழுதலாம்.' வந்த தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன். எழுதியவர்களிடம் அனுமதி கேட்டுச் சிலவற்றை இங்கே தருகிறேன்.

ஒருவன்: 'ஆங்கிலத்தில் நான் கெட்டிக்காரன். ஸ்பானிஷில் நான் ஐந்து வயதுப் பையன். தாத்தாவிடம் ஐந்து வயதுப் பையனாகவே பேசிக்கொண்டிருக்கிறேன்.' பள்ளிக்கு வந்தபின் கற்ற சொற்கள் எல்லாம் ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டன. வீட்டு மொழி 'சாப்பிடு, தூங்கு' என்பதோடு நின்றுவிட்டது.

ஒருத்தி: 'பெரியவர்களிடம் உஸ்தெத் போட வேண்டும். வாய்தவறி தூ வந்துவிடுமோ என்ற பயத்தில் அத்தையிடம் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். திமிர் பிடித்தவள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.' நீ, நீங்கள் என்ற இரண்டுக்கும் நடுவில் தடுமாறிய எந்தப் பிள்ளைக்கும் இது புரியும். சிகாகோவில் வளரும் என் அண்ணன் மகள் ஊரில் தாத்தாவைத் தொலைபேசியில் 'நீ சாப்பிட்டியா' என்று கேட்டுப் பட்ட பாடு எனக்கு நினைவு வந்தது.

இன்னொரு தாள்: 'கடையில் அம்மா ஆங்கிலம் பேசும்போது வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட்டதை நினைத்து ராத்திரி அதைவிட வெட்கமாக இருக்கிறது.' இதற்குக் கீழே கோடு போட்டு, 'என் நாய்க்கு ஸ்பானிஷ் மட்டும்தான் புரியும்' என்றும் எழுதியிருந்தது.

கையெழுத்தைப் பார்த்தே தெரிந்த தாள் ஒன்று. 'வீட்டு வாடகை, அப்பாவின் ரத்தப் பரிசோதனை, மின்சார பில், தம்பியின் பள்ளி, எல்லாம் என் வழியாகத்தான் போகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை அதிகம் என்று அப்பாவிடம் நான்தான் சொன்னேன். வகுப்பிலாவது நான் குழாயாக இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும்.'

அடுத்த நாளே, விடுமுறை என்றும் பாராமல், அவள் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி, பள்ளியின் ஸ்பானிஷ் ஆசிரியையிடம் கொடுத்து மொழிபெயர்த்து அனுப்பினேன். மருத்துவமனையில் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், கட்டணம் கிடையாது என்று. கட்டுப்படியாகும் மருத்துவச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவின் விதிகள், அவசர நிலை தவிர மற்ற நேரங்களில், சிறுவர்களை மொழிபெயர்ப்புக்கு நம்பக்கூடாது என்று மருத்துவமனைகளுக்குச் சொல்கின்றன. இது தெரியாத குடும்பங்கள்தான் அதிகம். தெரிந்தாலும், கேட்டால் நேரமாகும், மகள் இருக்கிறாளே என்று விட்டுவிடுகிறார்கள். நானே விட்டவள்தானே.

ஜனவரியிலிருந்து வகுப்பை மாற்றினேன். புதுப் பையனுக்குப் படிநிலைகளைப் படமாகப் போட்ட தாள் கொடுத்தேன்; கட்டளைகளை மட்டும் கணினியில் மொழிபெயர்த்து முன்னாலேயே அச்சிட்டு வைத்தேன். உதவிக்கு வாரம் ஒருவர் என்று சுற்றுமுறை, விருப்பமுள்ளவர் மட்டும், உதவியவருக்கு அன்றைய கணக்குக்கு ஒரு நாள் கூடுதல் அவகாசம். எந்தக் கேள்விக்கும் உடனே கையைத் தூக்கச் சொல்வதில்லை. இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு எந்த மொழியிலும் பேசிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் வகுப்புக்குச் சொல்லலாம். அந்த இரண்டு நிமிடம் வந்தபின் வாயே திறக்காத நான்கு பேர் பேசத் தொடங்கினார்கள். மூன்றாவது வரிசையில் வாய்ப்பாடு கொஞ்சம் சத்தமாகவே கேட்டது.

கணிதத்திலேயே மொழி ஒளிந்திருக்கிறது என்பதை அந்த ஹோண்டுராஸ் பையன்தான் எனக்குக் காட்டினான். உலக மக்கள்தொகை 8 பில்லியன், இதை அடுக்கு வடிவில் எழுது என்று ஒரு கேள்வி. அவன் எட்டுக்குப் பின் பன்னிரண்டு சுழி போட்டான். சிவப்பு மையால் அடித்தேன். அவன் விடவில்லை. கரும்பலகைக்கு வந்து மில்லியன் என்று எழுதி, அதை மில்லியனால் பெருக்கி, 'பியோன்' என்று சொல்லிக் காட்டினான். ஸ்பானிஷில் அந்தச் சொல்லுக்கு லட்சம் கோடி என்று பொருள். ஆங்கிலத்தின் பில்லியன் அவர்களுக்கு 'மில் மில்லோனெஸ்', ஆயிரம் மில்லியன். அவன் மொழியில் அவன் எழுதியது சரி. பில்லியனுக்கு நூறு கோடி என்று இன்றும் விரல் மடக்கிப் பார்க்கிற நான் அல்லவா இதை யோசித்திருக்க வேண்டும்? சிவப்புக் கோட்டை அடித்துவிட்டு, ஒரு வண்ண அட்டையில் இந்தப் பொறியை எழுதிச் சுவரில் மாட்டினோம். பக்கத்தில் நல்ல செய்தியும்: திரியாங்குலோ, பெரிமெத்ரோ, எக்குவாசியோன். ஆங்கிலச் சொல்லின் உடன்பிறப்புகள். இந்த அட்டை வந்தபின், பாதிப் பாடம் தனக்கு முன்பே தெரியும் என்று அவன் கண்டுபிடித்தான். நீள் வகுத்தலில் இடைக் கழித்தலை எழுதாமல் மனதில் செய்து மீதியை மட்டும் எழுதுவது அவர்கள் ஊர்ப் பள்ளிகளில் வழக்கம். 'வழிமுறை இல்லை' என்று அதற்கும் மதிப்பெண் குறைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுத்தேன்.

ஸ்பானிஷுக்குள்ளேயே உள்ளூர்ச் சண்டைகள் வேறு. குளிர்பான உறிஞ்சுகுழலுக்கு மெக்ஸிகோ வீட்டுப் பிள்ளை போபோத்தே என்கிறான், ஹோண்டுராஸ் பையன் பஹிய்யா என்கிறான், வெனிசுவேலாக்காரி பித்தியோ என்கிறாள். டிரக்குக்கு 'த்ரோகா', மதிய உணவுக்கு 'லோன்சே' என்று இங்கே வளர்ந்தவர்கள் சொன்னால் புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். ஸ்பானிஷ் வகுப்பிலும் அதற்கு மதிப்பெண் போய்விடும். வீட்டில் பேசுகிற மொழியிலேயே தோற்பது எவ்வளவு பெரிய அடி! 'வீட்டில் த்ரோகா, தேர்வில் காமியோனேத்தா, இரண்டும் உன்னுடையது' என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

பிப்ரவரியில் டெல்பாஸ் தேர்வு. ஆங்கிலம் கற்பவர்கள் என்று பதிவான பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் டெக்ஸாஸ் நடத்துவது: கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல். 2021-ல் அந்தப் பிள்ளைகளின் அதிகாரப் பெயரை 'இருமொழியாளராக உருவாகி வருபவர்' என்று சட்டம் மாற்றியது. நல்ல பெயர்தான். ஆனால் இதே நகர மருத்துவமனையில் பிறந்து, நாள் முழுக்க ஆங்கிலத்தில் அரட்டையடிக்கிற பையன் எட்டாவது வருடமாக இந்தத் தேர்வை எழுதும்போது, பெயர் எதுவானாலும் அவனுக்குக் கேட்பது ஒன்றுதான்: உன் ஆங்கிலம் போதாது.

பேச்சுத் தேர்வைப் பார்த்தபோது காரணத்தில் பாதி புரிந்தது. இருபது பேர் ஒரே அறையில் தலைக்கேட்பான் மாட்டிக்கொண்டு ஒலிவாங்கியில் பேச வேண்டும். பக்கத்து நாற்காலியில் நண்பன். யார் முழு வாக்கியத்தில் பேசுவார்கள்? 'ஆமாம்', 'நாய் ஓடுகிறது' என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த பொத்தானை அமுக்குகிறார்கள். தெரியாததால் அல்ல, கூச்சத்தால். அதனால் அந்த வருடம் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பிருந்தே தினமும் பத்து நிமிடம் ஒலிவாங்கிப் பயிற்சி வைத்தேன்: ஒரு படத்துக்கு நான்கு வாக்கியம், ஒவ்வொன்றிலும் ஒரு 'ஏனென்றால்'. தேர்வன்று நாற்காலிகளைச் சுவர் பார்க்கத் திருப்பிப் போட அனுமதி வாங்கினேன். பெற்றோருக்கும் ஒன்று சொன்னேன். பள்ளியில் சேர்க்கும்போது தருகிற வீட்டு மொழிப் படிவத்தில், முத்திரைக்குப் பயந்து ஆங்கிலம் என்று பொய்யாக எழுதாதீர்கள், உதவியும் போய்விடும். உண்மையை எழுதிவிட்டு, ஒவ்வொரு ஆண்டும் மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்கி, எந்தப் பிரிவில் நிற்கிறான் என்று பாருங்கள்.

என் ஸ்பானிஷும் இதற்கிடையில் முன்னேறியது, பிள்ளைகள் புண்ணியத்தில். 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெறோ' என்றால் நாய். அந்த வல்லின ற வராமல் என் சக அமெரிக்க ஆசிரியர்கள் நாக்கை உதறிக்கொண்டிருக்க, ரகர றகரத்தைப் பிரித்துப் பேசும் நாகர்கோவில்காரிக்கு அது முதல் நாளே வந்துவிட்டது. முன்வரிசை நோ சாபோ பையனுக்கு அது வரவில்லை. மதிய இடைவேளையில் நானும் அவனும் சேர்ந்து பயிற்சி செய்தோம். நான் வினைச்சொற்களில் தப்புச் செய்வேன். அவன் றகரத்தில் தப்புச் செய்வான். ஒருநாள் ஹோண்டுராஸ் பையனும் வந்து உட்கார்ந்து எங்கள் இருவரையும் திருத்தத் தொடங்கினான். அவன் அந்த அறையில் முதல்முறையாக ஆசிரியனாக இருந்தான். ஆசிரியர் தப்புச் செய்வதைப் பார்க்கிற பிள்ளைக்கு வருகிற தைரியத்தை எந்த அறிவுரையாலும் தர முடியவில்லை.

2025 மார்ச் முதல் தேதி, ஆங்கிலமே நாட்டின் அதிகார மொழி என்று அதிபரின் ஆணை வந்தது. ஆங்கிலம் போதாதவர்களுக்கான சேவைகள் பற்றிய 2000-ஆம் ஆண்டு ஆணை அதோடு ரத்தானது. திங்கட்கிழமை வகுப்பில் முதல் கேள்வியே 'மிஸ், இனி தாழ்வாரத்தில் ஸ்பானிஷ் பேசினால் பிடிப்பார்களா?' என்பதுதான். இல்லை என்றேன். யார் என்ன மொழி பேசலாம் என்பதை அந்த ஆணை தொடவில்லை. மொழி தெரியாத பிள்ளைக்குப் பாடம் புரியும்படி செய்ய வேண்டியது பள்ளியின் கடமை என்று, சான் பிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகள் தொடுத்த வழக்கில் 1974-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது அப்படியேதான் இருக்கிறது. சொன்னேன். தலையாட்டினார்கள். ஆனாலும் அந்த வாரம் தாழ்வாரத்தில் குரல்கள் தாழ்ந்தே இருந்தன.

அந்த மாதக் கடைசியில் மறுபடி பெற்றோர் சந்திப்பு. இம்முறை இரண்டு வாரம் முன்னாலேயே படிவம் எழுதிக் கொடுத்து, மாவட்டக் கல்வி அலுவலகத்தின் மொழிபெயர்ப்பாளரை வரவழைத்திருந்தேன். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி போட்ட அம்மாள், கையில் குறிப்பேடு. மூன்றாவது வரிசைப் பெண்ணை நடுவில் உட்காரவிடவில்லை; அம்மாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போடச் சொன்னேன். நவம்பரில் சொன்ன அதே வாக்கியங்களை, ஒவ்வொன்றாக, அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கூர்மையானவள். தெளிவாக யோசிக்கிறவள். கைவிட்டு எண்ணலாம். மொழிபெயர்ப்பாளர் ஒன்றைக்கூட விடவில்லை. அந்தப் பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், காதுமடல் சிவந்துவிட்டது.

அம்மா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மகள் பக்கம் திரும்பி 'மிஹா', என் மகளே, என்று தொடங்கி ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். அம்மாவின் குரல் உயர்ந்தது, தாழ்ந்தது, வேகம் கூடியது. மகளும் வேகமாகப் பேசினாள், நடுவில் ஒரு ஆங்கிலச் சொல், மறுபடி ஸ்பானிஷ். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தேன். அவர் குறிப்பேட்டை மூடி மடியில் வைத்துவிட்டார்.

'இது உங்களுக்குச் சொல்வதல்ல, மிஸ்' என்றார்.